அடக்கி வாசித்தவன்

இரவெல்லாம் தொலைபேசி நிலையத்தில்
சாந்தோஸை நிட்டெரோயோடும்
நிட்டெரோயைப் பெலோ ஒரிசோண்டேயோடும்
முடிச்சுப் போட்டுவிட்டு வருவேன்.
கோபகபானாவில் காலை ஏழு எனக்கு நள்ளிரவு.
சன்னலில் கறுப்புத் துணி, காதில் பஞ்சு.
தலைக்கு மேலே நான்காம் மாடியில்
எவால்டோ பெசான்யா கிதாரை எடுப்பான்.

ஒரே வரியை நாற்பது முறை.
நாற்பத்தொன்றிலாவது மாறும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.
மாறாது.
துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்
கூரையில் இரண்டு தட்டு.

நிறுத்தமாட்டான், குறைப்பான்.
ஒரு வாரம் நகங்களை வெட்டியிருந்தான்,
சதை மட்டும் நரம்பைத் தொடுவது
படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது.
பிறகு காலால் தரையைத் தட்டுவதை விட்டான்,
அந்த வேலையைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தான்.
வாயைத் திறந்து பாடியவன்
பக்கத்தில் படுத்திருப்பவளிடம்
கடன் கேட்பதுபோல் முணுமுணுத்தான்.
நான் தட்டினேன்.
அவன் இன்னும் கொஞ்சம் உள்ளே போனான்.

போசா நோவா என்று அதற்குப் பெயர் வந்தது.
அவன் விரல்களில் கடற்காற்று வீசுவதாக
ஒரு பத்திரிகை எழுதியது.
எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் கடல் தெரியாது.
இறைச்சிக்கடையின் தகரக் கூரை தெரியும்,
அதன்மேல் ஒரு பூனை.

அறையிலேயே டேப் போட்டுப் பதிந்த
முதல் இசைத்தட்டில், மூன்றாம் பாட்டில்,
இரண்டு தட்டல் கேட்கும்.
நான்தான்.
ஒரே ஒருமுறை படிக்கட்டில் எதிர்ப்பட்டான்.
திட்டத் தயாராக இருந்தேன்.
‘அரை மாத்திரை தாமதமாகத் தட்டுகிறீர்கள்’ என்றான்,
தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனான்.
தூங்குவதற்கு முழு மாத்திரையே போட்டிருந்தேன் நான்.

ஸ்டுடியோவில் அதே பாட்டை மறுபடி பதிந்தபோது
டிரம்ஸ்காரன் வால்தெசிரிடம்
அந்த இடத்தில் விளிம்பில் இரண்டு தட்டச் சொன்னானாம்.
ஏன் என்று சொல்லவில்லையாம்.
அதற்குப் பிறகு யார் வாசித்தாலும் தட்டுகிறார்கள்.
எண்பத்தெட்டில் அவன் சிறுநீரகம் கெட்டுச் செத்தான்,
சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில்
இரண்டு பேர் கடன் கொடுத்தவர்கள்.
தட்டல் மட்டும் சாகவில்லை.
போன மாதம் பல் வைத்தியரின் லிஃப்டில்
பாட்டில்லாமல், பெயரில்லாமல்,
ஏதோ ஒரு இயந்திரம் வாசித்தது.
ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே
இரண்டு தட்டு.
அரை மாத்திரை தாமதம்.

அறுபத்தாறில் மெக்சிகோவுக்குப் போனான்,
ஏதோ ஓட்டல் மதுக்கூடத்தில் வேலை.
அவன் இல்லாமல் தூக்கம் வராமல் தவித்தேன் என்று
சொல்வேனென எதிர்பார்ப்பீர்கள்.
நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகு ஒரு கிறிஸ்துமஸ் இரவு.
மெக்சிகோ நகரிலிருந்து நிட்டெரோய்க்கு அழைப்பு.
குரலைக் கேட்டதுமே தெரிந்தது.
மறுமுனையில் அவன் அப்பா,
கடத்துப் படகின் கொதிகலன் பக்கத்தில்
முப்பது வருடம் நின்று காதைத் தொலைத்தவர்.
ஒட்டுக்கேட்பது குற்றம்.
கேட்டேன்.

புதிதாக ஒன்று செய்திருக்கிறேன் அப்பா,
ரிசீவரைக் கிதார் பக்கம் வைக்கிறேன் என்றான்.
வாசித்தான்.
‘கேட்கலையே, சத்தமா வாசி’ என்றார் கிழவர்.
மறுபடி வாசித்தான்.
‘சத்தமா, எவால்டோ.’

அவனுக்கு வரவில்லை.
நரம்பை ஓங்கி அடிக்கப் பார்க்கிறான்,
கை பழைய இடத்திலேயே போய் நிற்கிறது,
என் துடைப்பம் விட்ட இடத்தில்.
கம்பிக்குள் இரையும் காற்று
அவனை முழுதாகத் தின்றது.

மூன்று நிமிடம் ஆனதும் விளக்கு எரிந்தது.
செருகியைப் பிடுங்க வேண்டும்.
என் கை அதன்மேல்தான் இருந்தது.
‘கேட்குதுடா, இப்ப கேட்குது’ என்றார் அப்பா.
பொய்.
பதினாறு வருடம் இந்த நாற்காலியில் கேட்டதில்
பாதி பொய்தான், எனக்குத் தெரியும்.
இருந்தும் அவன் நம்பிவிட்டு
முதலிலிருந்து தொடங்கினான்.

ஒன்பது நிமிடம் விட்டுவைத்தேன்.
அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.